கோல் இந்தியா நினைத்த விலைக்கு விற்க முடியுமா?

அடுத்த கேள்வி. "நாட்டின் நிலக்கரியில் முக்கால் பங்கு கோல் இந்தியா கையில் இருக்கிறது. அப்புறம் ஏன் விலையை ஏற்றி லாபம் பார்க்க மாட்டேன் என்கிறார்கள்?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

விலையை முடிவு செய்யும் உரிமை ஏட்டளவில் அரசு நிறுவனமான கோல் இந்தியாவிடம்தான் இருக்கிறது. 2000-லேயே விலைக் கட்டுப்பாடு போய்விட்டது. ஆனால் சரக்கு யாருக்குப் போகிறது என்று பாருங்கள். ஐந்தில் நான்கு பங்கு மின் நிலையங்களுக்கு. நம் வட சென்னை, தூத்துக்குடி அனல் மின் நிலையங்களுக்கும் ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகம் போய், அங்கிருந்து கப்பலில் வருகிறது. டன்னுக்கு நூறு ரூபாய் ஏற்றினால்கூட அது மின் கட்டணத்தில் வந்து நிற்கும். எந்த அரசு சும்மா இருக்கும்? 63 சதவீதப் பங்கு வைத்திருப்பதும் அதே அரசுதான்.

2012-ல் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. ஜனவரியில் தர நிர்ணய முறையை மாற்றியதில் விலை ஏறியது. மின் நிறுவனங்கள் கொதித்தன. அந்த மாதமே விலையைக் குறைத்தார்கள். ஏப்ரலில், மின் நிலையங்களுக்கு ஒப்பந்த அளவில் 80 சதவீதம் தருவதாக உறுதி கொடுத்துக் கையெழுத்திடச் சொல்லி, குடியரசுத் தலைவர் பெயரில் உத்தரவே வந்தது. 2010-ல் 245 ரூபாய்க்குப் பங்கு விற்று இரண்டு வருடம்கூட ஆகவில்லை. சிறு பங்குதாரர்களுக்கு இது அநியாயம் என்று டிசிஐ என்ற லண்டன் முதலீட்டு நிறுவனம் நீதிமன்றம் வரை போனது. பிறகு பங்குகளை விற்றுவிட்டு வெளியேறியது.

2021 அக்டோபரில் இன்னும் பச்சையாகத் தெரிந்தது. உலகச் சந்தையில் நிலக்கரி விலை உச்சத்தில். மின் நிலையங்களில் சராசரியாக நான்கு நாள் கையிருப்பு. தனியார் கம்பெனி என்றால் அள்ளியிருக்கும். இவர்கள் மற்றவர்களுக்கான இணையவழி ஏலத்தையே நிறுத்திவிட்டு மின் நிலையங்களுக்கு அனுப்பினார்கள். நாட்டுக்கு அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் பங்கு வாங்குகிறவர் இதைத் தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும்.

சரி, லாபம் எங்கே? ஏலத்தில் போகும் சிறு பகுதியில். உக்ரைன் போருக்குப் பிறகு, 2022-ல், ஏல விலை ஒப்பந்த விலையைப் போல மூன்று மடங்குக்கு மேல் போனது. அந்த வருட லாபம் எகிறியதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

செலவுப் பக்கம் சம்பளம் பெரிய சுமை. இரண்டு லட்சத்துக்கு மேல் நிரந்தர ஊழியர்கள். நிலத்தடிச் சுரங்கங்களில் ஏராளமான பேர் வேலை செய்தும், மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு ஐந்து டன்கூட அங்கிருந்து வருவதில்லை.

போட்டியும் வந்துவிட்டது. 2020-லிருந்து தனியாருக்கு வணிகச் சுரங்கங்களை ஏலம் விடுகிறார்கள். 2024-25-ல் நாட்டின் உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியது. அதில் கோல் இந்தியா எடுத்தது 78 கோடி டன். தனியார் நிலக்கரி கூடக் கூட ஏல விலைதான் முதலில் அடிபடும். அதனால் காலாண்டு முடிவு வரும்போது, ஏலத்தில் எத்தனை டன் போனது, என்ன விலைக்குப் போனது என்ற வரியை முதலில் தேடுங்கள். உற்பத்திக் கணக்கை மாதா மாதம் பங்குச் சந்தைக்கு நிறுவனமே அனுப்புகிறது.