ஹிட் இல்லாமல் வந்த ஒரே ரன்

எல்லாருக்கும் வணக்கம். பேஸ்பால் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் முன்வரிசையில் இரண்டு பேர் கைப்பேசியை எடுத்துவிட்டீர்கள். பார்த்துவிட்டேன்! பயப்படாதீர்கள், கிரிக்கெட் தெரிந்திருந்தால் போதும்.

எதிரணியை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் ஆட்டத்தை முடித்தால் அதற்கு ஷட்அவுட் என்று பெயர். கிரிக்கெட்டில் ஓர் அணி பூஜ்யத்துக்குச் சுருண்டால் ஊரே சிரிக்கும். பேஸ்பாலில் அது சீசன் முழுக்க நடக்கிற சங்கதிதான். ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், மொத்தம் 27. ஆனால் வந்த 27 பேரில் ஒருவர்கூட முதல் பேஸில், அதாவது ஓடிச் சுற்ற வேண்டிய நான்கு முனைகளில் முதலாவதில், கால் வைக்காமல் திரும்பினால்? அது பெர்ஃபெக்ட் கேம். அபூர்வத்திலும் அபூர்வம்.

1965 செப்டம்பர் 9, லாஸ் ஏஞ்சலஸ், டாட்ஜர் ஸ்டேடியம். சீசன் முடிய ஒரு மாதம்கூட இல்லை. முதலிடத்துக்கு அந்த ஊர் அணியான டாட்ஜர்ஸுக்கும் சான்ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கும் இழுபறி. அன்றைக்கு எதிரே வந்தது சிகாகோ கப்ஸ். டாட்ஜர்ஸுக்குப் பந்து வீசியவர் சாண்டி கூஃபாக்ஸ், கப்ஸுக்கு பாப் ஹெண்ட்லி. இருவரும் இடக்கையர்கள். ஒருவர் உலகப் புகழ்; இன்னொருவரை இங்கே யாருக்கும் தெரிந்திருக்காது.

கூஃபாக்ஸுக்கு இடது முழங்கையில் மூட்டு வீக்கம். அந்த வலியோடு வீசித்தான் அன்று 14 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றினார். கடைசி ஆறு பேரும் வரிசையாக அப்படியே போனார்கள். கப்ஸில் ஒருவர்கூட பேஸை எட்டவில்லை; அதுதான் பெர்ஃபெக்ட் கேம். அதைப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது அன்று டாட்ஜர்ஸ் எடுத்த அந்த ஒரு ரன்னைப் பற்றி.

ஐந்தாவது இன்னிங்ஸ். டாட்ஜர்ஸின் லூ ஜான்சனுக்கு ஹெண்ட்லி நான்கு தப்பான பந்து வீசிவிட்டார். நடந்தே முதல் பேஸுக்குப் போய்விட்டார் ஜான்சன். அடுத்து வந்த ரான் ஃபேர்லி, தான் அவுட்டானாலும் சரி என்று பந்தை மெல்லத் தட்டிவிட்டு அவரை இரண்டாவது பேஸுக்கு நகர்த்தினார். பிறகு ஜான்சன் மூன்றாவது பேஸைத் திருட, அதாவது யாரும் பந்தை அடிக்காமலே அங்கே போய்ச் சேர, ஓடினார். ஆமாம், அந்த ஆட்டத்தில் திருட்டுக்கு அனுமதி உண்டு! கப்ஸின் கேட்சர், நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி, கிறிஸ் க்ரூக் பதறி எறிந்த பந்து மூன்றாவது பேஸில் நின்றவரையும் தாண்டி ஓடியது. ஜான்சன் ‘ஹோம்’ என்கிற கடைசி முனைக்கு வந்து சேர்ந்தார்; அதுதான் ரன். 1-0. மட்டையில் ஒரு ஹிட், அதாவது பந்தை அடித்துப் பத்திரமாக பேஸை எட்டுவது, இல்லவே இல்லை!

ஏழாவது இன்னிங்ஸில் அதே ஜான்சன் ஒரு பந்தைச் சொத்தையாகத் தூக்கிவிட, அது முதல் பேஸுக்குப் பின்னால் யார் கையிலும் சிக்காமல் விழுந்தது. இரண்டு அணிக்கும் சேர்த்து அன்று விழுந்த ஹிட் அது ஒன்றுதான். அதில் ரன்னும் வரவில்லை. யோசித்துப் பாருங்கள்: ஒரே ஒரு ஹிட் கொடுத்துவிட்டுத் தோற்றிருக்கிறார் ஹெண்ட்லி.

ஒன்பதாவது இன்னிங்ஸில் முதலில் மட்டை பிடிக்க வந்தது யார் தெரியுமா? அந்த க்ரூக்கேதான். கோட்டைவிட்ட ரன்னை மீட்க அவருக்கு ஒரு வாய்ப்பு. ஸ்ட்ரைக் அவுட். அடுத்து ஜோய் அமால்ஃபிடானோ, அவரும் அப்படியே. கடைசியாக ஹார்வி குயென். 1963இல் கூஃபாக்ஸ் ஹிட்டே கொடுக்காமல் முடித்த ஓர் ஆட்டத்திலும் கடைசியாக அவுட்டானவர் இவர்தான். மனிதருக்கு என்ன ராசியோ! அவரும் மட்டையை வீசினார், காற்றுதான் கிடைத்தது. வானொலியில் வர்ணனை செய்த வின் ஸ்கல்லி சட்டென்று வாயை மூடிக்கொண்டு கூட்டத்தின் ஆரவாரத்தை மட்டும் கேட்கவிட்டார். நம்ம ஊர் வர்ணனையாளர்கள் இதைப் படிக்க வேண்டும். அப்புறம்தான் மணியைச் சொன்னார்: இரவு 9:46.

ஐந்து நாள் கழித்து, செப்டம்பர் 14, சிகாகோ. மறுபடி அதே கூஃபாக்ஸ், அதே ஹெண்ட்லி. அன்றைக்கு 2-1 என்று ஜெயித்தவர் ஹெண்ட்லி.