ஹெல்மெட்டுக்குள் ஒரு குரல்

நேயர்களுக்கு வணக்கம். மோட்டார் சைக்கிளில் நெடுஞ்சாலைப் பயணம் போகிறவர்களுக்கு ஒரு தொல்லை தெரிந்திருக்கும். ஊருக்குள் போகும்போது ஹெல்மெட் ஸ்பீக்கரில் வழிகாட்டும் குரல் தெளிவாகக் கேட்கும். வேகம் எண்பதைத் தாண்டியதும் அதே குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். உடனே நாம் ஒலியளவைக் கூட்டுகிறோம். நானும் பல வருடங்கள் அதைத்தான் செய்தேன்.

ஒரு பயணத்தில் நானும் என்னைவிட இளைய நண்பர் ஒருவரும் ஆளுக்கொரு வண்டியில் போய்க்கொண்டிருந்தோம். ஹெல்மெட்டில் இருந்த கருவி வழியாக அவர் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்டது "ஏ… ஓ…" மட்டும். ஒலியளவை முழுவதுமாகத் திருகினேன். மறுபடியும் "ஏ… ஓ…". பாட்டுப் பாடுகிறார் என்று நினைத்து, "சரி, சரி" என்றேன். சற்று நேரத்தில் அவர் குரல் நின்றது. அப்பாடா, அமைதியாகிவிட்டார் என்று நிம்மதியாகவே போனேன். அவர் சொன்னது பெட்ரோல் தீர்ந்துபோகிறது என்பதாம்! திரும்பிப் போய்ப் பார்த்தபோது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "அண்ணே, மூன்று முறை சொன்னேன்" என்றார். அதுகூட எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. காதுக்குள் சில்வண்டு கத்திக்கொண்டிருந்தது.

கவனியுங்கள், 'பெட்ரோல்' என்ற சொல்லில் மெய்யெல்லாம் போய் உயிர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. காற்றின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் உறுமுவது. தாழ்ந்த ஒலி மிகவும் பலமாகும்போது தனக்கு மேலே உள்ள மெல்லிய ஒலிகளையும் விழுங்கிவிடும். க, ச, த என்று சொல்லுக்கு உருவம் கொடுக்கும் ஒலிகள்தான் முதலில் பலியாகும்.

அன்று மாலை அந்த நண்பர் இரண்டு நுரை அடைப்பான்களை என் கையில் வைத்தார். கேட்கவில்லை என்கிறவனிடம் காதை அடைத்துக்கொள் என்கிறாரே, கேலி செய்கிறாரோ என்று நினைத்தேன். மறுநாள் அடைத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அடைப்பான் இரைச்சலையும் குறைக்கிறது, குரலையும் குறைக்கிறது. ஆனால் மொத்தச் சத்தம் தணிந்ததும் அந்த விழுங்கல் தளர்கிறது, காது மறுபடி பிரித்தறிகிறது. அடைப்பானை உருட்டி மெல்லியதாக்கி, மறு கையால் காதின் மேல்பகுதியை மேல்நோக்கி இழுத்துப் பிடித்துச் செருக வேண்டும். காது வாசலில் ஒட்டிவைத்தால் பயனில்லை. சில இடங்களில் இதற்குச் சட்டத் தடை உண்டு, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அதனால்தான் சொல்கிறேன், ஒலியளவைக் கூட்டாதீர்கள், காற்றைக் குறையுங்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் இரைச்சல் 95 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டால் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். அதன்மேல் ஸ்பீக்கரையும் அலறவிட்டால்?

இன்னொன்று, முன்கண்ணாடி. அது காற்றைத் தடுக்கும் என்றுதான் வாங்குகிறோம். ஆனால் அதன் விளிம்பைத் தாண்டிச் சுழன்று வரும் காற்று நேராக ஹெல்மெட்டில் மோதினால், கண்ணாடியே இல்லாத வண்டியைவிட இரைச்சல் கூடிவிடும். பாதுகாப்பான நேரான சாலையில், வேகத்தைக் கூட்டாமல், சற்றே நிமிர்ந்து பாருங்கள். இரைச்சல் குறைகிறதா? அப்படியானால் கண்ணாடியின் உயரம்தான் உங்களுக்குப் பொருந்தவில்லை. கழுத்தைச் சுற்றி ஒரு துணி கட்டினாலும் கீழிருந்து நுழையும் காற்று அடங்கும்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஸ்பீக்கர் பொருத்துவதைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: ஸ்பீக்கரின் நடுப்பகுதி காதுத் துளைக்கு நேராக, காதை அழுத்தாமல், எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக இருக்கட்டும். ஒலிவாங்கியைப் பற்றிப் பேச நேரமில்லை. வணக்கம்.