இரண்டாவது மாடி, இரண்டு நாள்

(எங்கள் குடியிருப்பின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால் பேசினபடியே எழுதித் தருகிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். 2025 மே 7 அன்று நாடு முழுக்கப் போர்க்கால ஒத்திகை நடந்தது, இங்கே சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் நடந்தது, ஞாபகம் இருக்கும். அன்றைக்குச் சாயங்காலம் நம் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "டீச்சர், நிஜமாகவே அணுகுண்டு விழுந்தால் என்ன செய்யணும்?" என்று ஒரு தம்பி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற அம்மா, "என்ன செய்ய, எல்லாரும் ஒண்ணாப் போய்ச் சேர வேண்டியதுதான்" என்றார்கள். எத்தனையோ வருஷம் பௌதிகம் சொல்லிக்கொடுத்த எனக்கு அந்தப் பதிலை அப்படியே விட மனசு வரவில்லை. அதை நம்புகிறவர்கள், பிழைக்கக்கூடிய இடத்தில் இருந்துகொண்டே உயிரை விட்டுவிடுவார்கள். அதனால்தான் இன்று பேசுகிறேன்.

ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6 காலை விழுந்த குண்டின் வலு சுமார் 15 கிலோ டன், அதாவது 15,000 டன் டி.என்.டி. வெடிமருந்து வெடித்த மாதிரி. அந்த வருஷ முடிவுக்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தார்கள் என்பது கணக்கு. அந்தக் கொடுமையைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அடியோடு அழிந்த பரப்பு சுமார் 12 சதுர கிலோமீட்டர். நம் மாநகராட்சியின் பரப்பு 426. இன்றைய குண்டுகள் அதைவிடப் பெரியவைதான், சரி. ஆனால் பத்து மடங்கு வலுவான குண்டு என்றால் அதிர்ச்சி அலை பத்து மடங்கு தூரம் போகாது, இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலேதான் போகும். பாரிமுனையில் விழுந்தால் தாம்பரத்திலும் ஆவடியிலும் லட்சக்கணக்கானவர்கள் உயிரோடுதான் இருப்பார்கள். அடுத்த இரண்டு நாள் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஹிரோஷிமாவிலேயே, குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்து வெறும் 170 மீட்டரில் இருந்த ஒரு கான்கிரீட் கட்டடத்தில் எய்சோ நோமுரா என்பவர் ஏதோ காகிதம் எடுக்க அந்த நேரம் பார்த்து நிலவறைக்கு இறங்கியிருந்தார். பிழைத்தார். 1982 வரை வாழ்ந்தார். மேல்தளங்களில் இருந்தவர்கள் பிழைக்கவில்லை.

முதலில் வருவது வெளிச்சம். கண் கூசும் வெளிச்சம் எங்கிருந்தோ அடித்தால், என்ன அது என்று ஜன்னலுக்குப் போகாதீர்கள். இதை வீட்டில் குழந்தைகளுக்கும் சொல்லிவையுங்கள். 2013 பிப்ரவரியில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே ஒரு விண்கல் வெடித்தது. வெளிச்சத்தைப் பார்த்து ஜனங்கள் ஜன்னலுக்கு வந்து நின்றார்கள், இரண்டு நிமிஷம் கழித்து அதிர்ச்சி அலை வந்து கண்ணாடியையெல்லாம் உடைத்தது. காயம்பட்டவர்கள் சுமார் 1,500 பேர், பெரும்பாலும் கண்ணாடிச் சில்லு குத்தித்தான். வெளிச்சம் உடனே வந்துவிடும், அலை ஒரு கிலோமீட்டர் வர மூன்று வினாடி போல ஆகும். அந்த இடைவெளியில் சுவரோரம் குப்புறப் படுத்து, முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் வருவதுதான் தூசி. குண்டு உயரத்தில் வெடித்தால் தூசி குறைவு. தரையில் வெடித்தால் மண்ணையும் கட்டடத்தையும் உறிஞ்சி மேலே கொண்டுபோய், கதிரியக்கம் ஏற்றி, காற்று அடிக்கும் பக்கமெல்லாம் கொட்டும். நம் காசிமேட்டிலிருந்து போவதுபோல ஜப்பானிலிருந்து சூரை மீன் பிடிக்கப் போன ஒரு படகின் கதை இது. 1954 மார்ச் 1, பசிபிக் கடலில் உள்ள பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதனை செய்த அன்று, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் கடலில் இருந்தார்கள், 23 பேர். விடியும் முன் மேற்கே வானம் வெளுத்தது. சில மணி நேரம் கழித்து வெள்ளையாய்ச் சாம்பல் கொட்ட ஆரம்பித்தது. சுண்ணாம்புப் பொடி மாதிரி. தலையில், காதில், சட்டைக் காலருக்குள் விழுந்தது. தளத்தில் நடந்தால் கால் தடம் பதிந்தது. அவர்கள் வலையை இழுத்துக்கொண்டே இருந்தார்கள், ஏனென்றால் அது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அன்றே குமட்டல், பிறகு தோல் வெந்தது, முடி கொட்டியது. வானொலி இயக்குபவர் குபோயாமா செப்டம்பரில் இறந்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

இந்தத் தூசிக்கு ஒரு குணம் உண்டு, அதை மட்டும் இன்று மனசில் வாங்கிக்கொண்டு போனால் போதும். நேரம் ஏழு மடங்கு ஆக ஆக வீரியம் பத்தில் ஒன்றாகக் குறையும். வெடித்து ஒரு மணி நேரத்தில் 1,000 என்று வைத்துக்கொண்டால், ஏழு மணி நேரத்தில் 100, இரண்டு நாளில் 10, இரண்டு வாரத்தில் 1. ஊரை விட்டு ஓடலாம் என்று பைக்கை எடுத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் டிராஃபிக்கில் நிற்பது இருப்பதிலேயே மோசமான முடிவு, ஏனென்றால் அந்த 1,000 இருக்கும் நேரத்தில் நடுரோட்டில் இருப்பீர்கள். குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48, உள்ளே இருக்க வேண்டும்.

உள்ளே என்றால் எங்கே? தூசி மொட்டை மாடியிலும் தரையிலும் படியும், அதனால் இரண்டுக்கும் தள்ளி நடுவில். நம் கட்டடத்தில் கீழே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே நாலு மாடி. தூசியிலிருந்து வரும் காமா கதிரை ஆறு சென்டிமீட்டர் கான்கிரீட் பாதியாக்கும். நம் கூரை அஞ்சு இன்ச், அதாவது ஒரு தளம் தாண்டினால் கால்வாசி. இரண்டாவது மாடி வீட்டுக்கு மேலே மூன்று தளம் இருக்கிறது, கணக்குப் போட்டால் அறுபத்து நாலில் ஒரு பங்குதான் மேலேயிருந்து இறங்கும். வெளிச்சுவர் பக்கம் வேண்டாம், லிப்டையும் மாடிப்படியையும் ஒட்டின உள் அறைகள் போதும். நாலாவது மாடிக்காரர்கள் தயங்காமல் கீழே வரணும். நம் வாட்ச்மேன் அண்ணனின் அறை கீழே, திறந்த பார்க்கிங்கில் இருக்கிறது, இருப்பதிலேயே ஆபத்தான இடம் அதுதான். பின்தெருவில் ஷீட் போட்ட வீடுகள் பதினைந்து இருக்கின்றன, நம் வீடுகளில் வேலை செய்கிற அக்காக்கள் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்த இரண்டாவது மாடியில் இடம் உண்டு என்று இன்றே தீர்மானம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தண்ணீர் சேமிக்க சென்னைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், 2019இல் ஏரிகள் வறண்டபோது லாரிக்குக் குடத்தை வரிசை வைத்தவர்கள் நாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர். மூடியிருக்கும் சம்ப், மூடின கேன், டப்பாவில் இருக்கும் அரிசி, இவற்றின் ஊடே கதிர் போனாலும் அவை கெடாது, தூசி உள்ளே விழுந்தால்தான் ஆபத்து. விழுந்துவிட்டால் கொதிக்க வைத்தும் பிரயோஜனமில்லை. அதனால்தான் விரிசல் விட்ட நம் சம்ப் மூடியைப் பற்றி நான் மூன்று கூட்டமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவல், பொட்டுக்கடலை, வெல்லம், அடுப்பு இல்லாமலே ஓடும். டார்ச், பாட்டரி ரேடியோ. வர்தா புயலில் டவர் விழுந்து போன் செத்தபோது ரேடியோதான் பேசியது.

வெளியே மாட்டிக்கொண்டு தூசியோடு வந்தவர்களை விரட்டாதீர்கள். வாசலிலேயே மேல் துணியைக் கழற்றினால் பெரும்பகுதி தூசி அதோடு போய்விடும். துணியைப் பையில் கட்டித் தள்ளி வையுங்கள், சோப்பு, ஷாம்பு போட்டு மெதுவாகக் கழுவட்டும், கண்டிஷனர் மட்டும் வேண்டாம், அது தூசியை முடியோடு ஒட்டவைக்கும். அயோடின் மாத்திரை பற்றிக் கேட்டார்கள். அது தைராய்டு சுரப்பியை மட்டும்தான் காக்கும், அரசு சொன்னால் மட்டும் போடுங்கள்.

கடைசியாக, எனக்கே சொல்லக் கஷ்டமானது. பகலில் நடந்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் என் மகள் ஆபீஸில் மூன்றாவது மாடியில் இருந்தாள், போன் கிடைக்கவில்லை. என் கணவர் கேட்காமல் இறங்கிப் போனார். கழுத்தளவு தண்ணீரில் ஒரு போர்டு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க நின்றுவிட்டு விடிந்து வந்தார். அவள் மேலே பத்திரமாக, பிஸ்கட் தின்றுகொண்டு, அப்பா வராமல் இருக்கணுமே என்று கவலைப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். பள்ளிக்கூடம் கான்கிரீட் கட்டடம். முதல் நாள் நீங்கள் தூசிக்குள் ஓடினால் உங்களுக்கும் ஆபத்து, திரும்பக் கூட்டிவரும் வழியில் பிள்ளைக்கும் ஆபத்து. அதனால் இன்று ராத்திரி சாப்பிடும்போது பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள்: "அப்படி ஏதாவது நடந்தால் மிஸ் சொல்கிற அறையிலேயே இரு. அம்மா வர ஒரு நாள் ஆகும், இரண்டு நாள்கூட ஆகும். ஆனால் வருவேன்."