கப்பலில் வந்தவர்களுக்குக் கேலிக்கில் என்ன பெயர்?

வணக்கம் நேயர்களே. நார்வே, டென்மார்க் பக்கமிருந்து கப்பலேறி வந்த வைக்கிங்குகளை அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் கேலிக் மொழி பேசியவர்கள் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள், அந்தப் பெயர்கள் வாக்கியத்துக்குள் போனால் எப்படி உருமாறும் என்பதுதான் இன்றைய பேச்சு. அகராதியைப் புரட்டிப் பொருள் பார்ப்பது சுலபம். ஒருவரா பலரா என்று கண்டுபிடிக்கும் இடத்தில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள்.

முதலில் 'கல்', அதாவது அந்நியன். நம்மூர்க் கல்லுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆதியில் இது இன்றைய பிரான்ஸ் பகுதியில் வாழ்ந்த கால் இனத்தாரைக் குறித்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் வைக்கிங்குகளுக்கு ஆனது. 1169இல் நார்மன்கள் அயர்லாந்தில் வந்திறங்கியபின் அவர்களுக்கும், பிறகு ஆங்கிலேயருக்கும் கைமாறியது. இன்றைய ஸ்காட்லாந்து கேலிக்கில் 'கல்' என்றால் தாழ்நிலத்துக்காரர். ஆகவே ஏட்டில் இந்தச் சொல்லைக் கண்டால் முதலில் ஆண்டைப் பாருங்கள்.

இதன் பன்மைக்குத் தனி விகுதி கிடையாது. கடைசி லகரத்தை இகரச் சாயலோடு உச்சரித்தால் போதும், 'கைல்' என்று பன்மையாகிவிடும். ஆனால் 'அந்நியர்களுடைய' என்று ஆறாம் வேற்றுமைப் பன்மை சொல்ல வேண்டுமானால் மறுபடியும் 'கல்' தான்! ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளுக்கு 'இன்ஷ கல்' என்று பெயர். பார்த்தால் ஒருமை போலத் தெரியும். பொருளோ அந்நியர்களின் தீவுகள். டப்ளினுக்கு வடக்கேயுள்ள ஃபிங்கல் மாவட்டமும் அப்படித்தான். 'ஃபினெ கல்', அந்நியர் குடியின் நிலம்.

நடுவே 'ந' என்ற பன்மைச் சுட்டு (ஆங்கில 'the' போன்றது) வந்தால் இன்னொரு மாற்றம். நம் புணர்ச்சியில் சொற்கள் சந்திக்கும் இடத்தில் பெரும்பாலும் நிலைமொழியின் கடைசி எழுத்து மாறும். அங்கே வருமொழியின் முதலெழுத்தே மாறிவிடும். டொனிகால் என்று ஆங்கிலத்தில் எழுதுகிற ஊர் அயர்லாந்துக் கேலிக்கான ஐரிஷில் 'தூன் ந ஙல்', அந்நியர்களின் கோட்டை. எழுத்தில் ககரம் நிற்கும். வாயில் வருவது ஙகரம் மட்டுமே. அரிச்சுவடியில் மட்டுமே பார்த்த நம் 'ங' இங்கே நன்றாக உதவும்.

ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள கெய்த்னஸ் பகுதியைக் கேலிக் பேசுவோர் 'கல்லிவ்' என்பார்கள். அந்த 'இவ்' பழைய வேற்றுமைப் பன்மை உருபு. 'அந்நியரிடையே' என்ற வடிவமே உறைந்து ஊர்ப்பெயராகிவிட்டது.

அயர்லாந்தின் பழைய வரலாற்று ஏடான அல்ஸ்டர் ஆண்டுக் குறிப்புகளில் 851ஆம் ஆண்டில் கறுப்புப் புறமதத்தார் டப்ளினுக்கு வந்து வெள்ளை அந்நியரை வெட்டிச் சாய்த்ததாக ஒரு பதிவு உண்டு. 'துவ்' கறுப்பு, 'ஃபின்' வெள்ளை. தலைமுடி நிறத்தை வைத்து டேனியர் கறுப்பு, நார்வேக்காரர் வெள்ளை என்று வெகுகாலம் விளக்கம் சொன்னார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. வெள்ளை முன்பே வந்து குடியேறியவர், கறுப்பு புதிதாக வந்தவர் என்று கொள்ளும் ஆய்வாளர்கள் பக்கமே நியாயம் தெரிகிறது. டாயில், மெக்டூகல் என்ற குடும்பப் பெயர்களுக்குள் அந்தக் 'கறுப்பு அந்நியன்' இன்றும் ஒளிந்திருக்கிறான்.

இரண்டாவது சொல் 'லொஹ்லன்'. இதன் பழைய வடிவம் 'லைத்லின்'. 848, 853ஆம் ஆண்டுக் குறிப்புகளில் லைத்லின் மன்னனைப் பற்றிய பேச்சு வருகிறது. அது நார்வேயா, ஸ்காட்லாந்தில் வைக்கிங்குகள் பிடித்த பகுதியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பிற்காலத்தில் 'லொஹ்லன்' நார்வேயையே குறித்தது. அங்கிருந்து வந்தவர் 'லொஹ்லனஹ்', பன்மை 'லொஹ்லனீ'. தென் அயர்லாந்தின் மன்ஸ்டரில் அந்த ஈற்றை 'இக்' என்பார்கள்.

'லூங்' என்றால் கப்பல். 'லூங் அன் லொஹ்லனீ' என்றால் அந்த ஒரு வைக்கிங்கின் கப்பல். 'லூங் ந லொஹ்லனஹ்' என்றால் வைக்கிங்குகளின் கப்பல். பன்மை போலிருப்பது ஒருமை, ஒருமை போலிருப்பது பன்மை. குழம்பினால் ஈற்றை விட்டுவிட்டு நடுவிலிருக்கும் சுட்டைப் பாருங்கள்: 'அன்' ஒருமை, 'ந' பன்மை.

இந்த வட ஐரோப்பிய நாடுகளின் இன்றைய ஐரிஷ் பெயர்கள் பெண்பால். முன்னால் 'அன்' சேரும். நார்வே 'அன் இருவா', மாற்றமில்லை. சுவீடன் 'சூவலின்', 'அன்' சேர்ந்தால் சகரம் ஒலியிழந்து 'அன் தூவலின்'. ஃபின்லாந்தில் ஃபகரமே காணாமல் போய் 'அன் இன்லின்'. டென்மார்க் மட்டும் 'அன் தனவரிக்' என்று அசையாமல் நிற்கும், ஏனெனில் 'அன்' முடியும் னகரத்துக்கும் தகரத்துக்கும் நாக்கு ஏறக்குறைய ஒரே இடத்தில் படுகிறது.

டேனியருக்குப் பழைய சொல் 'தனர்'. ஏட்டில் படிக்கலாம், வாயால் சொல்ல வேண்டாம். இன்று அதற்குக் கொடியவன் என்ற பொருளும் ஏறியிருக்கிறது. கோபன்ஹேகனிலிருந்து வந்த விருந்தாளியை 'தனவர்கஹ்' என்று அறிமுகப்படுத்துங்கள்.