வலது காலில் கியர்

வணக்கம் நேயர்களே.

நான் அரசுப் பேருந்தில் 29 வருஷம் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் கோத்தகிரி. மேட்டுப்பாளையம், குன்னூர், உதகை, கூடலூர் என்று இந்த மலையில் பஸ் போகிற பாதையில் பெரும்பாலும் ஸ்டியரிங் பிடித்தாகிவிட்டது. சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். நான் இந்தத் தை மாதம் என் புல்லட்டை ஒரு பையனுக்கு விற்றேன். அந்த ஒரு விஷயத்தை மட்டும் இன்றைக்குச் சொல்கிறேன்.

1993 மாடல் புல்லட். வார்ப்பிரும்பு எஞ்சின், நாலு கியர், கிக்கர் மட்டும்தான். முழங்கால் வலி வந்த பிறகு கிக்கரை உதைக்க முடியவில்லை. ஆறு மாதம் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தேன். ஓடாத வண்டியைப் பார்த்துக்கொண்டே இருப்பது மனசுக்குக் கஷ்டம். சரி, கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

கேட்டு வந்தவன் எங்கள் தெருவுக்குக் கீழே இருக்கிற தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவரின் மகன். வயது 21. அவன் அப்பா என்னை அண்ணா என்பார், அதனால் அவன் எனக்குப் பெரியப்பா முறை வைத்துக் கூப்பிடுவான். மேட்டுப்பாளையத்தில் ஒரு கடையில் வேலை கிடைத்திருந்தது. தினமும் மலை இறங்கி ஏற வேண்டும். லைசென்ஸ் எடுத்து ரெண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டில் இருந்தது ஸ்கூட்டி. சினேகிதனின் வண்டியை வாங்கி சமதளத்தில் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கியிருக்கிறான். அட்வான்ஸ் பணத்தைக் கையிலேயே கொண்டுவந்துவிட்டான்.

பணத்தை வாங்குவதற்கு முன்னால், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மண் மைதானத்தில் ஒரு சுற்று ஓட்டச் சொன்னேன். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருக்கும் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மற்ற வண்டிகளில் பழகினவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. அவனுக்குச் சொன்னேன், அவனும் தலையாட்டினான். முதல் கியரில் எடுத்தான், இரண்டாவது போட்டான், நன்றாகத்தான் போனான். மைதானத்தின் கடைசியில் தேயிலைச் செடி வரிசை. நிறுத்த வேண்டிய இடத்தில் வலது காலை அழுத்தி மிதித்தான்.

பழக்கத்தில் பிரேக் என்று நினைத்து மிதித்தது கியர். இரண்டாவதில் இருந்த வண்டி மூன்றாவதுக்குப் போய்விட்டது. எஞ்சின் பிடித்து வைத்திருந்ததும் விட்டுப்போய், வண்டி இன்னும் லேசாக உருண்டது. அவன் மறுபடியும் மிதித்தான். நாலாவதுக்குப் போனது. அப்படியே செடிக்குள் போய் நின்றது. அடி ஒன்றும் இல்லை, இண்டிகேட்டர் கண்ணாடி ஒன்று உடைந்தது, அவ்வளவுதான். ஆனால் எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. அந்த இடத்தில் தேயிலைச் செடி இருந்தது. மேட்டுப்பாளையம் ரோட்டில் குஞ்சப்பனைக்குக் கீழே ஒரு வளைவில் அவன் அப்படி மிதித்திருந்தால் அங்கே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "பழகிடும் பெரியப்பா" என்றான். பழகும்தான். ஆனால் எங்கே வைத்துப் பழகுவது?

இந்த இடத்தில் ஒரு பழைய விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வெளியில் அதிகம் சொன்னதில்லை. 2007-ல் என்னிடம் இருந்த ஒரு நூறு சி.சி. வண்டியைப் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனுக்கு விற்றேன். நல்ல வண்டி, குறை எதுவும் இல்லை. ஆனால் மூடுபனி நாளில் காலையில் அதன் முன் பிரேக் டிரம்மில் ஈரம் கோத்துக்கொள்ளும். முதல் தடவை பிடிக்கும்போது வெடுக்கென்று கவ்வும். டிரம் பிரேக் வண்டிகளில் இது சகஜம். வீட்டில் இருந்து கிளம்பினதும் நூறு அடி தூரம் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே போனால் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும், அப்புறம் தொந்தரவு இல்லை. நான் தினமும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். அப்படிச் செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. கை தானாகச் செய்தது. அதனால் விற்கும்போது அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. டயர், செயின், ஆயில் எல்லாம் காட்டினேன். அதைச் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம், மார்கழிப் பனியில், வீட்டை விட்டுக் கிளம்பின முதல் இறக்கத்திலேயே விழுந்தான். வளைவில் முன் பிரேக்கைப் பிடித்திருக்கிறான், சக்கரம் பூட்டிக்கொண்டது. காறை எலும்பும் ஒரு காலும் உடைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். அவன் அப்பா எழுந்து நின்று எனக்கு நாற்காலி போட்டார், டீ வாங்கிக் கொடுத்தார். "வண்டியில ஒரு குறையும் இல்லைங்க, அவன் நேரம்" என்றார். அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பையன் எழுந்து நடக்க நாலு மாதம் ஆனது. இப்போது நன்றாக இருக்கிறான், அது ஒன்றுதான் ஆறுதல்.

அதனால்தான் தை மாதம் இந்தப் பையனிடம் பணத்தை வாங்கவில்லை. "கண்ணு, வண்டி உனக்குத்தான், வேற யாருக்கும் கொடுக்க மாட்டேன். ஆனா பன்னிரண்டு நாள் காலையில ஆறு மணிக்கு வா. அதுக்கப்புறம் சாவி தர்றேன்" என்றேன்.

வீட்டில் என் மனைவி, "ஏங்க, அவனுக்கு அப்பா இல்லையா? விக்கிறவங்க எல்லாம் இப்படியா செய்யறாங்க?" என்று கேட்டாள். கூட வேலை பார்த்த நண்பர் ஒருவரும், லைசென்ஸ் வைத்திருக்கிற பெரிய பையன், அவன் பாடு அவனுக்கு என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான். 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்துப் போட வேண்டும். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கினவர் 30 நாளுக்குள் பேர் மாற்ற வேண்டும். இதை மட்டும் தயவுசெய்து அலட்சியமாக விடாதீர்கள். வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், விபத்து நடந்த அன்று ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்கு வண்டியைக் கொடுத்து, அது சட்டத்தை மீறினால், 2019-ல் வந்த திருத்தப்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

பேர் மாற்றிவிட்டால் சட்டப்படி என் பொறுப்பு முடிந்தது. 2007-லும் பேர் சரியாக மாற்றித்தான் கொடுத்தேன்.

முதல் நாலு நாள் மைதானத்தை விட்டு வெளியே விடவில்லை. நிறுத்துவது மட்டும்தான் பாடம். நான் எதிரில் நின்று கையைத் தூக்குவேன், அவன் நிறுத்த வேண்டும். இடது கால், இடது கால் என்று நான் கத்திக்கொண்டே இருப்பேன். முதல் நாள் பத்துக்கு நாலு தடவை வலது கால் போனது. நாலாவது நாள் ஒரு தடவை. ஐந்தாவது நாள் சொல்லாமல் கொள்ளாமல் பக்கவாட்டில் இருந்து குறுக்கே வந்தேன். அப்போது இடது கால்தான் போனது. திடீரென்று பதறும்போது எந்தக் கால் போகிறது என்பதைத்தான் நான் பார்க்க வேண்டியிருந்தது. சாவகாசமாக ஓட்டும்போது யாருக்கும் தப்பு வராது.

கிக்கர் உதைப்பதற்கு ஒரு நாள். அம்மீட்டர் முள் நடுவுக்கு வருகிறவரை மெதுவாகத் தள்ளி, எஞ்சின் அழுத்தத்தை விடுவிக்கிற டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தள்ளி, லீவரை விட்டு, அப்புறம் முழு உதை. அவசரப்பட்டால் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கிவிடும். ஹேண்டில் லாக், பெட்ரோல் ரிசர்வ் இதெல்லாம் அரைமணி நேரத்தில் முடிந்தது.

அப்புறம் ரோடு. கோத்தகிரியில் இருந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம் இறங்குகிறோம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் சூடேறி, லைனிங் கருகுகிற வாடை வரும். அதற்கப்புறம் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. பஸ்ஸில் நாங்கள் படித்த பாடம், எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது. எஞ்சின்தான் வண்டியைப் பிடிக்க வேண்டும், பிரேக் துணைக்குத்தான். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிற பையன்களை தினமும் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு மிச்சமாவது ஒரு டீ காசு வருமா? வயிறு எரிகிறது. புதிதாக வருகிற 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளில் 2019 ஏப்ரலில் இருந்து ஏ.பி.எஸ். கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும். என் புல்லட்டில் அது கிடையாது, அந்த வேலையையும் ஓட்டுகிறவன் கைதான் செய்ய வேண்டும். இதையும் அவனிடம் சொன்னேன்.

எட்டாவது நாள் அவனை வண்டி ஓட்டவே விடவில்லை. அரவேணு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில், தடுப்புச் சுவருக்குப் பின்னால் பாதுகாப்பான இடத்தில் அரைமணி நேரம் உட்கார வைத்தேன். பஸ் திரும்புவதை மட்டும் பார் என்றேன். மேலே ஏறுகிற பஸ் ஒன்று வந்தது. முன் மூக்கு எதிர்ப் பக்க ஓரம் வரை போய், முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பியது. பின் சக்கரம் உள் ஓரத்தை ஒட்டி, கால் அடி இடைவெளியில் உரசுகிற மாதிரி வந்தது. அந்த உள் ஓரத்தில் ஒரு பைக் நுழைந்தால் டிரைவருக்குத் தெரியவே தெரியாது. நான் அந்த சீட்டில் 29 வருஷம் உட்கார்ந்திருந்தவன், அதனால் சொல்கிறேன். ஒரு பைக்காரன் அப்படி நுழைந்துவிட்டு எப்படியோ தப்பித்துப் போன நாளில், வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் இறங்கி நின்றிருக்கிறேன்.

பையன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "நான் ஸ்கூட்டியில ரெண்டு தடவை அப்படி உள்ளே போயிருக்கேன் பெரியப்பா" என்றான். குறுகலான மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழி விட வேண்டும் என்பது விதி. அதை லைசென்ஸ் பரீட்சைக்குப் படித்திருக்கிறான். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் அது ஏன் என்று அவனுக்குப் புரிந்தது.

அதற்கப்புறம் நாலு நாளும் மேட்டுப்பாளையம் வரை போய் வந்தோம். நான் பின்னால் உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கும் ஹெல்மெட். சொன்ன விலையில் 3,000 ரூபாயைக் குறைத்துக்கொண்டு, அந்தப் பணத்தில் அவனுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட நல்ல ஹெல்மெட் வாங்க நானே கடைக்குக் கூடப் போனேன். தலையை ஆட்டினால் ஆடக்கூடாது, தாடைப் பட்டையைப் பூட்டினால் ஒரு விரல்தான் நுழைய வேண்டும். பலாப்பழ சீசனில் குஞ்சப்பனைப் பக்கம் யானை நிற்கும், பொழுது சாய்ந்த பிறகு அந்த வழியில் தனியாக வராதே, கடையில் சொல்லிவிட்டுச் சீக்கிரம் கிளம்பு என்றேன். சில்வர் ஓக் மரத்தடியில் ஈரச் சருகு கிடக்கிற இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அங்கே வண்டியைச் சாய்க்காமல் நேராக வைத்துக் கடக்க வேண்டும்.

கடைசி நாள் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். எழுதுவதற்கு முன்னால், நான் இந்த வண்டியில் யோசிக்காமல் என்னென்ன செய்கிறேன் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. முழங்கால் வலியோடு நானே ஒரு தடவை தெருவில் ஓட்டிப் பார்த்தேன், என் மனைவி திண்ணையில் நின்று பார்த்துச் சொன்னாள். "கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை முன் பிரேக்கை அமுக்கிப் பாக்கறீங்க. மூலையில திரும்பறதுக்கு முன்னாடி கழுத்தை நீட்டி எட்டிப் பாக்கறீங்க." இரண்டுமே எனக்குத் தெரியாது. இரண்டையும் எழுதினேன். பனி நாளில் நூறு அடி பிரேக்கைக் காய வைக்க வேண்டும் என்பதை முதல் வரியாக, பெரிய எழுத்தில் எழுதினேன். தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு டூல் பாக்ஸில் வைத்தேன். அப்புறம்தான் பணத்தை வாங்கினேன், சாவியைக் கொடுத்தேன், மறுநாளே இருவரும் ஆர்.டி.ஓ. அலுவலகம் போனோம்.

எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு வளைவு இருக்கிறது. பையன் வேலை முடிந்து மாலை ஆறு மணிக்குள் அதன் வழியாக ஏறி வருவான், காலை எட்டு மணிக்கு இறங்குவான். புல்லட் சத்தம் தூரத்திலேயே கேட்கும். காலையில் வளைவுக்கு முன்னாலேயே எஞ்சின் சத்தம் ஒரு தடவை உயர்ந்து அடங்கும். மூன்றாவதில் இருந்து இரண்டாவதுக்கு மாற்றுகிறான் என்று அர்த்தம். அதைக் கேட்ட பிறகுதான் நான் பேப்பரைக் கையில் எடுப்பேன். இன்றைக்குக் காலையிலும் கேட்டுவிட்டுத்தான் நிலையத்துக்கு பஸ் ஏறினேன்.

நன்றி, வணக்கம்.