அடிப்பதற்கு முன் பார்க்கட்டும்

வணக்கம் நேயர்களே.

16 லிட்டர் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு, சேற்றில் கால் புதையப் புதைய ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு டேங்க் மருந்து அடித்தவர் என் அப்பா. அன்றைக்குச் சோறு இறங்காது. தலைவலி என்று திண்ணையில் படுத்துவிடுவார். அதே வேலையை இன்று ட்ரோன் சுமார் பத்து லிட்டர் தண்ணீரில், பத்து நிமிடத்துக்குள் முடிக்கிறது. ஆள் உடம்பு மருந்தில் நனைவதில்லை. இது ஒன்றுக்காகவே நான் ட்ரோனை மனதார வரவேற்கிறேன்.

எனக்குள்ள கவலை வேறு. சுலபமாக அடிக்க முடிகிறதே என்று, தேவையில்லாமலும் அடிக்கத் தொடங்கிவிடுவோமோ?

நெல்லில் புகையான் என்ற பூச்சியைப் பாருங்கள். அது தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும். அடர்ந்த பயிருக்கு மேலே பறந்து குறைந்த தண்ணீரில் தெளித்தால், மருந்து பெரும்பாலும் மேல் இலையிலேயே தங்கிவிடும். புகையான் பிழைத்துக்கொள்ளும், அதைத் தின்னும் சிலந்தி செத்துப்போகும். தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால், சிம்புக்கு, அதாவது தூரிலிருந்து கிளைக்கும் ஒவ்வொரு தண்டுக்கும், இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம் என்பது வேளாண் துறையினர் சொல்லும் கணக்கு. அந்தக் கணக்கை எடுக்க நாம்தான் வயலில் இறங்கிக் குனிய வேண்டும்.

அப்படியானால் ட்ரோன் எதற்கு? எங்கே இறங்குவது என்று காட்டுவதற்கு! நல்ல பச்சை இலை, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். வாடும் இலை அவ்வளவு அனுப்பாது. அதைப் பிடிக்கும் கேமராவைப் பொருத்திப் பறக்கவிட்டால், ஐந்து ஏக்கரில் எந்த மூலை சோர்ந்திருக்கிறது என்று படம் காட்டிவிடும். காரணம் பூச்சியா, தழைச்சத்துக் குறைவா, தண்ணீர் ஏறாத மேடா என்பதைப் படம் சொல்லாது. அங்கே போய்த் தூரை விலக்கிப் பாருங்கள், இலையின் பச்சையை ஒப்பிட்டுத் தழைச்சத்துக் குறைவைக் காட்டும் இலை வண்ண அட்டையை வைத்துப் பாருங்கள். அரை ஏக்கரில்தான் தழைச்சத்துக் குறை என்றால், அரை ஏக்கருக்கு மட்டும் யூரியா போதுமே! யூரியா அதிகமானாலும் புகையான் பெருகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்கும் திட்டத்துக்கு 2023-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. ட்ரோன் ஓட்டும் சகோதரிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஏக்கர் கணக்கில் கூலி பேசும்போது, வயலைச் சுற்றிப் பார்க்கவும் ஒரு தொகை பேசுங்கள். விவசாயிகளும் அதைத் தயங்காமல் கொடுங்கள்.

சரி, அடித்தே ஆக வேண்டும் என்றால், காற்று அடங்கிய நேரமாகப் பாருங்கள். தண்ணீர் குறைவு என்பதால் ட்ரோன் கலவையில் மருந்தின் வீரியம் அதிகம். சில களைக்கொல்லிகளின் சாரல் பட்டாலே பக்கத்து வயல் பருத்தி இலை சுருண்டுவிடும். பூக்கும் பயிர் அருகில் இருந்தால், தேனீ கூடு திரும்பிய பிறகு, சாயங்காலம் அடியுங்கள். முதல் நாளே அக்கம்பக்கத்து வயல்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.