மொபட் என்றாலும் மோட்டார் வண்டியே

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிப்பட்டு வட்டத்தில் உள்ள எங்கள் ஊரிலிருந்து காலையில் மொபட்டில் புறப்பட்டு, மாநில எல்லையைக் கடந்து, ஆந்திரத்தின் நகரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்துவிட்டு, மாலையில் அதே வண்டியில் வீடு திரும்பும் வாழ்க்கையை நான் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறேன். 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது எங்கள் ஊர் இந்தப் பக்கமும், உறவினர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கமும் ஆனார்கள். பாவும் நூலும் பெண்ணும் மாப்பிள்ளையும் இன்றும் எல்லையைக் கடந்தே போய் வருகின்றனர். அவ்வாறு போய்வர எங்களுக்குப் பெரிதும் உதவிய வண்டி மொபட்.

நான் முதலில் அறிந்த மொபட் என் தந்தையாரின் சுவேகா. பிரான்சு நாட்டின் மோட்டோபெக்கான் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைக் கொண்டு திருப்பதியில் தயாரான வண்டி அது என்பதால், எங்கள் நெசவாளர் தெருவில் அதைத் ‘திருப்பதி வண்டி’ என்றே அழைத்தார்கள். தந்தையார் பெடலை மிதித்து வண்டியைக் கிளப்பி, நூல் கட்டுகளைப் பின்னால் வைத்துச் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, நகரியிலிருந்து வருவார். மேட்டில் இயந்திரம் திணறினால் தாமும் சேர்ந்து மிதிப்பார். மோட்டாரும் பெடலும் சேர்ந்ததால் மொபட் என்று பெயர் வந்ததை நான் கல்லூரிக்குப் போனபின் அறிந்தேன். ஆனால் அந்தப் பெயரின் பொருளைத் தந்தையாரின் முழங்காலில் சிறு வயதிலேயே பார்த்திருக்கிறேன்.

1990இல் வேலை கிடைத்தபோது நான் டி.வி.எஸ். 50 வாங்கினேன். ஓசூரில் 1980 முதல் தயாரான அந்த வண்டி இருவர் அமர்ந்து செல்லத் தக்கது. சேலை கட்டிக்கொண்டு ஓட்டுவதற்கும் முன்பகுதியில் பை வைப்பதற்கும் அதைவிட வசதியான வண்டி அப்போது எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வேறில்லை. இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரம் ஆகையால் பெட்ரோலோடு ஆயிலை அளந்து கலக்க வேண்டும். ஆயில் கூடினால் பிளக்கில் கரி படிந்து வண்டி நின்றுவிடும். கைப்பையில் ஒரு பிளக் ஸ்பேனரும் உப்புத்தாள் துண்டும் எப்போதும் இருக்கும்.

அதன் முகப்பு விளக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இயந்திரத்தில் மின்சாரம் தரும் மேக்னெட்டோ சுழலும் வேகத்துக்கு ஏற்பவே விளக்கு எரியும். பள்ளத்தைக் கண்டு வேகத்தைக் குறைத்தால் வெளிச்சமும் குறைந்துவிடும். பார்வை மிகவும் தேவைப்படும் நொடியில் சாலை இருண்டுவிடும். ஒரு கார்த்திகை மாதத்து மாலையில், தண்ணீர் வடிந்து பாசி படிந்திருந்த தரைப்பாலம் ஒன்றில் அப்படித்தான் நான் விழுந்தேன். ஆந்திரத்தில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் கொசஸ்தலை ஆறு பெருகி, எங்கள் பக்கத்துத் தரைப்பாலங்கள் மூழ்குவது வழக்கம். நீர் வடிந்த பின்னும் சில நாள் அவற்றில் கால் வைக்க முடியாது. அன்று என் தலையில் கவசம் இல்லை. புருவத்துக்கு மேல் ஆறு தையல் போட்டார்கள். பாலத்தின் ஓரக்கல் இன்னும் ஒரு சாண் அருகில் இருந்திருந்தால் இன்று உங்களோடு பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்த வீழ்ச்சிக்குப் பிறகே மோட்டார் வாகனச் சட்டத்தை வாங்கிப் படித்தேன். 1988இல் இயற்றப்பட்டு, 1989 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள அந்தச் சட்டம் நாடு முழுவதற்கும் பொதுவானது. ‘இது மொபட்தானே’ என்று நாம் சொல்லும் சொல்லுக்கு அதில் இடமே இல்லை. உரிமம், பதிவு, மூன்றாம் நபர் காப்பீடு, தலைக்கவசம் ஆகிய நான்கும் பெரிய மோட்டார் சைக்கிளுக்கு எப்படியோ அப்படியே மொபட்டுக்கும் கட்டாயம். தலைக்கவசம் பின்னால் அமர்பவருக்கும் உரியது. பின்னால் ஒருவருக்கு மேல் அமரக் கூடாது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றிச் சென்றால், அதை ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும். அப்போது வேகமும் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத பரப்பை மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்றும் மத்திய விதிகள் கூறுகின்றன. சேலையும் தாவணியும் சக்கரத்தில் சிக்காமல் இருப்பதற்காக எழுதப்பட்ட விதி அது. சுமை ஏற்ற இடைஞ்சலாக இருக்கிறது என்று அந்தக் காப்பைக் கழற்றி மூலையில் போடும் பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. சேலைத் தலைப்பு சக்கரத்தில் சுற்றிக்கொண்டு பின்னால் இருந்த பெண் சாலையில் இழுபட்டதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்தத் தகட்டைத் தயவுசெய்து கழற்றாதீர்கள்.

என்னை மிகவும் வருத்துவது வயதைப் பற்றிய தவறான நம்பிக்கை. பதினாறு வயதானால் மொபட் ஓட்டலாம் என்று பெற்றோர் பலர் உறுதியாக நம்புகிறார்கள். சட்டம் சொல்வது அதுவன்று. இயந்திரத்தின் கொள்ளளவு 50 சிசியைத் தாண்டாத, கியர் இல்லாத வண்டியை மட்டுமே பதினாறு வயதினர் ஓட்டலாம். அதற்கும் பெற்றோரின் எழுத்து மூலமான ஒப்புதலோடு பெற்ற உரிமம் வேண்டும். பழைய டி.வி.எஸ். 50 அந்த அளவுக்குள் இருந்தது. அதன் பின் வந்த எக்ஸ்.எல். சூப்பர் ஏறத்தாழ 70 சிசி. 2015இல் வந்த நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100 ஏறத்தாழ 100 சிசி. தோற்றத்தில் மூன்றும் அக்காள் தங்கை போல இருந்தாலும், பின்னவை இரண்டுக்கும் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு மாணவர்கள் மூவராக எக்ஸ்.எல்.லில் பள்ளிக்கு வந்து இறங்குவதைப் பார்த்து, நான் பெற்றோரை அழைத்துப் பேசிய நாள்கள் உண்டு. 2019இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால் பாதுகாவலருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கலாம். வண்டியின் பதிவும் பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்தாகும். மின்சார வண்டி எதற்கும் உரிமம் வேண்டாம் என்பதும் சரியன்று. 250 வாட் திறனையும் 25 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டாதவற்றுக்கே அந்த விலக்கு.

எல்லையோரத்தில் வாழ்பவர்களுக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டுப் பதிவெண்ணோடு நாள்தோறும் ஆந்திரத்துக்குச் செல்வது தவறோ என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். தவறில்லை, ஒரு மாநிலத்தின் பதிவும் உரிமமும் இந்தியா முழுவதும் செல்லும். வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால்தான் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். ஆனால் நம்மவர்கள் சித்தூர் மாவட்டத்து ஏ.பி. 03 வண்டியை உறவினரிடம் விலைக்கு வாங்கி, ஆர்.சி. புத்தகத்தையும் கையெழுத்திட்ட படிவங்களையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, ஆண்டுக்கணக்கில் இங்கேயே ஓட்டுகிறார்கள். என் சிற்றப்பா மகன் அப்படி வாங்கிய வண்டி சந்தையிலிருந்து திரும்பிய முதியவர் ஒருவர் மீது மோதியது. காப்பீடு காலாவதியாகி இருந்தது. வண்டியை விற்று நான்கு ஆண்டுகள் ஆன புத்தூர் மாமாவுக்கு அறிவிப்பு வந்தது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இலும் தெளிவாகக் கூறியிருக்கிறது. மாமா இழப்பீட்டுக்காக நிலத்தை அடகு வைத்தார்; அவ்விரு குடும்பங்களும் இன்றுவரை ஒரு பந்தலில் அமர்ந்து சாப்பிட்டதில்லை. வேறு மாநிலத்தவருக்கு விற்றால் தடையின்மைச் சான்று பெற்று, 45 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒருநாள் அலைச்சலில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

என் பேத்திக்குச் சென்ற மாதம் பதினாறு வயது நிறைந்தது. எக்ஸ்.எல். 100 கேட்டாள், பதினெட்டு ஆகட்டும் என்றேன். உடனே அவள், “உன் பழைய வண்டி ஐம்பது சிசிதானே பாட்டி?” என்று கேட்டாள். சட்டத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நானே. 1990இல் பதிவு செய்த அந்த வண்டிக்குப் பதினைந்து ஆண்டுகள் முடிந்தது முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்து வருகிறேன். காப்பீடும் நடப்பில் உள்ளது. எனவே மறுக்கக் காரணம் இல்லை. இப்போது வண்டி மெக்கானிக்கிடம் இருக்கிறது. பிரேக் கட்டைகளை மாற்றவும், சக்கரக் காப்பைப் புதிதாகப் பொருத்தவும், வேகம் குறைந்தாலும் மங்காதபடி பேட்டரியில் எரியும் விளக்கு வைக்கவும் சொல்லியிருக்கிறேன். அவளுடைய தாய் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட்டுவிட்டாள். எல்.எல்.ஆர். எனும் பழகுநர் உரிமம் கையில் வந்த பின்னரே சாவியைக் கொடுப்பேன். தலைக்கவசத்தை முன்னதாகவே வாங்கிக் கொடுத்துவிட்டேன்.